கேரளா எண்டது பேருக்குத்தான்

மொனராகலை மாவட்டத்துத் தணமல்வில, வெல்லவாயப் பக்கம் சேனையளுக்குள்ள, அதுதான் காடு வெட்டி எரிச்சுச் செய்யிற தோட்டங்களுக்குள்ள, கஞ்சா பயிரிடுறவையைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதினது நல்லம், ஆனா காசு ஆற்றை கையில சேருதெண்டதைத் தொடாமலே விட்டிட்டியள். சோளத்துக்கும் விலையில்லை, மிச்சத்தை யானையும் மிதிச்சா சேனைக்காரன் என்னதான் செய்வான். வடக்கில எங்கட வன்னியில பெரிசாக் கஞ்சாப் பயிர் இல்லை, இந்தியாவில இருந்து கடலால வாறதுதான், கேரளா கஞ்சா எண்டு சொல்லுறது, ஆனா கனக்க ஆந்திரா ஒடிசா மலையளில விளையிறது. பிடிபடுறது மூட்டை தூக்கிற கூலிப்பெடியள், முதலாளி பேர் பேப்பரில வந்ததை நான் காணேல்ல. எங்கட அப்பு பரியாரி, நாட்டு வைத்தியர், கஞ்சாவைத் தடுக்கிற 1929இல வந்த சட்டம் இருக்கத்தக்கதா லேகியத்துக்கெண்டு தகரப்பேணியில கொஞ்சம் கஞ்சா வைச்சிருந்தவர், ஊரில ஒருத்தரும் அதைக் குற்றமாப் பாக்கேல்ல. லேகியப் போத்தல் மூடியைத் திறந்தா நெய்யும் ஏலக்காயும்தான் மணக்கும்.