கேலிச்சித்திரம் வேறு, இது வேறு
'எல்லாத் தலைவர்களுக்கும்தான் மூக்கைப் பெரிதாக வரைகிறார்கள், நாஜிகள் வரைந்த யூதர் படங்களும் அதே கேலிதான்' என்று நண்பர் சொல்வது தவறு. தலைவரை வரைந்தால் அது யாரென்று முகம் சொல்லிவிடும். 1923இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் நாஜிக் கட்சிக்காரர் யூலியுஸ் ஸ்ட்ரைகர் தொடங்கிய 'டெர் ஸ்ட்யூர்மர்' என்ற யூத வெறுப்பு இதழில், ஃபிப்ஸ் என்ற பெயரில் வரைந்தவருக்கு அப்படி ஒரு ஆளே தேவைப்படவில்லை. எந்த யூதராக இருந்தாலும் அதே வளைந்த மூக்கு, அதே தடித்த உதடு. அப்புறம் மனித முகமும் போய் சிலந்தி, பாம்பு, புழு என்று ஆனது. முதல் பக்கத்தின் அடியில் 'யூதர்களே நம் கேடு' என்ற வரி. தெருவோரக் கண்ணாடிப் பெட்டிகளில் இந்த இதழை வைத்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஸ்ட்ரைகர் தன் கையால் கொன்றதாக வழக்கு இல்லை. கொலைக்கும் அழிப்புக்கும் தூண்டினார் என்றுதான் 1946இல், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் தீர்ப்பாயம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.