மாநாடு முடிந்தால் குறூப்பையும் மூட வேண்டுமா?

சனிக்கிழமை இரவு எங்கள் மாநாட்டுக் குறூப்பில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். "மாநாடு இனிதே நிறைவுற்றது, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி" என்று ஒரு செய்தி. கொஞ்ச நேரத்தில் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்று பூட்டினார்கள். விடிந்து பார்த்தால் எங்கள் எல்லோரையும் நீக்கியிருந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, ஹட்டன் என்று எங்கிருந்தெல்லாமோ யாழ்ப்பாணம் வந்த பிள்ளைகள் ஒருவரோடொருவர் கதைக்க இருந்த ஒரே இடம் அது.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இது கட்டற்ற பண்பாடு பற்றிய மாநாடு; அதாவது நூல், படம், பாட்டு போன்ற ஆக்கங்களை எல்லோரும் தடையில்லாமல் பயன்படுத்தவும் பகிரவும் வழிசெய்வது. தன் ஆக்கத்தை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி கொடுக்கிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் என்றால் என்ன, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்ட படத்தை, கட்டற்ற படங்களைச் சேர்த்துவைக்கிற விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையத்தளம் ஏன் ஏற்காது என்பதையெல்லாம் வீட்டில் இருந்தே படிக்கலாம். அதற்காக ஒருவரும் இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து வரத் தேவையில்லை. தங்களைப் போல இன்னும் யாரும் இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் பிள்ளைகள் வந்தார்கள். பார்த்தார்கள், கதைத்தார்கள், சேர்ந்து செய்வோம் என்று சொல்லிப் பிரிந்தார்கள். அந்தத் தொடர்பை அறுத்துவிட்டு மாநாடு வெற்றி என்று படம் போட எப்படி மனம் வருகிறது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பட்டறையில், தேநீர் இடைவேளையில் வவுனியாத் தங்கச்சி ஒருத்தி அறிமுகமானாள். அம்மப்பாவின் றங்குப் பெட்டியில் கிடந்த பழைய சஞ்சிகைகளைப் பற்றிச் சொன்னேன். "ஸ்கானரில் கவிழ்த்து அழுத்தாதேங்கோ அண்ணா, கட்டு பிரிந்துவிடும். வெளிச்சத்தைச் சரியாக வைத்து மேலிருந்து போனிலேயே எடுங்கோ" என்றாள். பட்டறையில் கற்றது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பிறகு, போனில். எந்தப் பக்கம் மங்கல், எதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். ஓர் இதழின் நடுப்பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. அதே இதழ் அக்கரைப்பற்றில் அவளுடைய சிநேகிதி வீட்டில் இருந்தது. அடுத்த கிழமை பக்கங்கள் வந்து சேர்ந்தன. அவளுடைய நம்பர் என்னிடம் இல்லாமல் போயிருந்தால் அந்த இதழ் இன்றைக்கும் அரைகுறைதான்.

பழைய எழுத்துகளை இணையத்தில் போட அனுமதி வாங்குவதும் இப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. எழுதியவர்களின் பிள்ளைகளோ ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில் போய் அவர்களைத் தேடுவது? "அவருடைய மகள் எங்கள் மாமியோடு படித்தவ" என்று யாராவது சொல்லித்தான் கண்டுபிடிக்கிறோம். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அந்தக் குறூப்பில் இருந்தார்கள்.

குறூப்பைத் திறந்து வைத்தால் காலை வணக்கப் படங்களும் திருவிழா நோட்டீசும் வந்து நிறைந்துவிடும் என்கிறார்கள். வரட்டும், சத்தத்தை நிறுத்திவைக்கப் போனில் வழி இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள், சோதினை இருக்கிறது, மினக்கெடுத்தாதேங்கோ என்கிறார்கள். மேசை அடுக்கவும் பதாகை கட்டவும் அதே பிள்ளைகளைக் கூப்பிட்டபோது சோதினை இருக்கவில்லையா? பெண்பிள்ளைகளின் நம்பர் தெரியாதவர்களிடம் போகிறது என்று ஓர் அக்கா எழுதியிருந்தா. அது நியாயம். ரெலிகிராமில் நம்பரை மறைத்து வைக்கலாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே மாறியிருப்போமே. ஏன் கேட்கவில்லை?

ஆர்வம் இருக்கிறவன் எப்படியும் தேடி வருவான் என்று இன்னொருவர். இல்லை. முதல் தடவை வந்த, கூச்சப்பட்டுக் கடைசி வரிசையில் இருந்த பிள்ளை தேடி வராது. ஊருக்குப் போய் அப்படியே விட்டுவிடும்.

அமெரிக்காவில் சுவார்த்மோர் கல்லூரி மாணவர்கள் 2004இல் தொடங்கிய கட்டற்ற பண்பாட்டு இயக்கம் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது, மாணவர்கள் தொடர்பில் இருந்ததால். அவ்வளவு தூரம் போவானேன்? சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தார். ஊர் ஊராக ஆட்களைப் பிடித்து ஏடு கேட்டு வாங்கியவர் அவர். ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் சேர்த்துவைக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் வெவ்வேறு நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தொடர்பில் இருந்துதான் வளர்ந்தது.

1981இல் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. மிஞ்சியவை வீடுகளில் இருந்தன. இடம்பெயர்வுகளில் அவற்றிலும் நிறையப் போயின. இன்னும் எதெது யார் வீட்டில் இருக்கிறது என்று மனிதர்களைக் கேட்டால்தான் தெரியும். அந்த மனிதர்களை ஒரே இரவில் கலைத்துவிட்டு, கேட்ட என்னை "உனக்கு வேறு வேலை இல்லையா" என்கிறீர்கள். இதுதான் என் வேலை. இதற்கு ஒருவரும் எனக்குச் சம்பளம் தருவதில்லை. அப்படியிருந்தும் அந்தக் கேள்வி வலித்தது.

சரி. ரெலிகிராமில் புதுக் குறூப் தொடங்கியிருக்கிறேன். நீக்கப்பட்டவர்கள் பெயரையும் ஊரையும் இன்பொக்ஸில் அனுப்புங்கோ. கூத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்திருப்பதாகச் சொன்ன மன்னார்த் தம்பியைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கோ. அவருடைய நம்பர் என்னிடம் இல்லை.