கலவரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு

இப்போதெல்லாம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று தெரிந்தால் போதும், யாராவது ஒரு ரீல் அனுப்பிவிடுகிறார்கள். 'இது உங்கள் கணவரின் குணம் இல்லை, அவர் குடும்பம் தலைமுறையாகச் சுமந்து வரும் காயம், புரிந்துகொள்ளுங்கள்' என்று பின்னணி இசையோடு ஒரு குரல். எனக்கு அனுப்பியது என் நாத்தனார். புரிந்துகொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புரிந்துவிட்டதல்லவா, இனி வாயை மூடு என்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் சேலத்துக்காரி. வாழ்க்கைப்பட்டது பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில். வந்த புதிதில் பஸ்ஸில் அம்மாவோடு போனில் பேசினால் அத்தை தொடையில் தட்டுவார்: "மெதுவாப் பேசும்மா." வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் ஒரு ரெக்சின் பையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஏன் பீரோவில் வைக்கவில்லை என்று கேட்டால், "அப்போலேர்ந்து அப்படித்தான்."

அந்த 'அப்போ' 1991. அந்த ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வந்ததும் இங்கே தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. ஏராளமானோர் ஊரைவிட்டே ஓடினார்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை அந்த வருஷத்திலிருந்து மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் மறுபடியும் காவிரி, மறுபடியும் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. அன்று ராத்திரி முழுக்க மாமா அந்த ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதனால் அந்தப் பயம் நடிப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மாமா தையல்காரர். 1991-இல் மாகடி ரோடு பக்கம் கடை. கிறிஸ்துமஸ், பொங்கல் ஆர்டரெல்லாம் அடுக்கி வைத்திருந்த நேரம். மெஷினோடு சேர்த்து எல்லாம் போனது. பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜி அன்று இரவு இவர்களைத் தன் சமையலறையில் ஒளித்து வைத்திருக்கிறார். அப்புறம் கொஞ்ச நாள் கிருஷ்ணகிரியில் உறவுக்காரர் வீடு. திரும்பி வந்ததும் மாமா செய்த முதல் வேலை, அளவு நோட்டை வைத்துக்கொண்டு துணி கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பணம் கட்டியது. தமிழர், கன்னடர், முஸ்லிம் என்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் இந்தக் கதை வராமல் இருக்காது. வரவேண்டிய கதைதான்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் கதையில் வராது.

அத்தையின் நகை. கேட்காமல் எடுத்து அடகு வைத்துவிட்டார். தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்தால் நகை சுற்றிய மஞ்சள் துணி மட்டும் இருந்ததாம். அதற்கு மாமா சொன்ன பதில்: "கலவரத்துல எல்லாருக்கும்தான் போச்சு, உனக்கு மட்டுமா?" அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? அத்தை அன்றிலிருந்து காபியை அவர் கையில் கொடுப்பதில்லை. ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்த வீட்டு வழக்கம் போலிருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையை உடைத்தது ஊர். நகையை எடுத்தது வீட்டு மனுஷன். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி, மொத்தத்துக்கும் கலவரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்த அடியைப் பற்றிப் பேசினால் அனுதாபம் கிடைக்கும். அந்த அடியின் பெயரைச் சொல்லி வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவருக்குச் செய்ததைப் பேசினால் சண்டைதான் வரும். கசப்பு முழுக்க இந்த இரண்டாவதில்தான் தங்குகிறது.

என் கணவர் தன் தம்பியின் தொழிலுக்காக எனக்குத் தெரியாமல் பர்சனல் லோன் எடுத்தார். பேங்க் எஸ்.எம்.எஸ். வந்துதான் தெரிந்தது. "உன்கிட்ட சொன்னா டென்ஷன் ஆவே, அதான்" என்றார். நாத்தனாரின் ரீல் வந்ததும் அப்போதுதான்.

இந்தத் தலைமுறைக் காயம் மரபணுவிலேயே இறங்குகிறது என்பவர்கள் பெரும்பாலும் ரேச்சல் யஹூதா என்ற மனநல ஆய்வாளர் குழுவின் ஆய்வைக் காட்டுவார்கள். யூத இனப்படுகொலையில் தப்பியவர்களிடமும் அவர்களின் பிள்ளைகளிடமும் செய்தது. தப்பியவர்கள் 32 பேர், பிள்ளைகள் 22 பேர். இவ்வளவு சின்ன எண்ணிக்கையை வைத்து முடிவு கட்ட முடியாது என்று விஞ்ஞானிகளே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். சொல்லாமல் லோன் எடுக்க மரபணு எதற்கு? தனியாக முடிவெடுக்கிறவனே பொறுப்பான ஆம்பளை என்று பார்த்து வளர்ந்தால் போதாதா? 1990களில் ஃபெலிட்டி, அண்டா என்ற இரண்டு டாக்டர்கள் அமெரிக்காவில் 17,000 பேருக்கு மேல், சின்ன வயதில் பட்ட கஷ்டங்களைப் பற்றி நடத்திய பிரபலமான ஆய்வில் கேட்டதும் வீட்டு விஷயம்தான்: அடித்தார்களா, குடித்தார்களா, அம்மா அடிவாங்கினாளா. போரும் கலவரமும் அந்தப் பட்டியலில் இல்லை.

'அவரை மன்னித்துவிடு' என்று நம் வீடுகளில் யாரிடம் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். மாமனாரிடம் யாரும் சொல்வதில்லை. மருமகளிடம், தங்கையிடம், சம்பளம் குறைந்தவரிடம். அதனால் நாங்கள் போன கவுன்சலர் அந்த வார்த்தையையே எடுக்காதது எனக்குப் பெரிய நிம்மதி. 'எது மாறினால் உங்கள் கோபம் கொஞ்சம் இறங்கும், ஒன்றே ஒன்று சொல்லுங்கள்' என்றார். பத்தாயிரத்துக்கு மேல் எந்தச் செலவானாலும், கடனானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், நானும்தான் என்றேன். இவ்வளவுதானா என்று என் கணவருக்கே ஆச்சரியம். கேட்கச் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் வேலை செய்தது இதுதான். கண்ணீரோடு கட்டிப்பிடித்ததெல்லாம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கவுன்சலருக்குச் செலவழிக்க வழியில்லாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். நம்ம ஊர் மனநல மருத்துவமனை நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை மையம். அடி வாங்குகிற வீடென்றால் இந்தப் பதிவை விடுங்கள். முதலில் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது இந்தப் பத்தாயிரம் ரூல் பற்றி இவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அத்தை ரசக்கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு அப்படி ஒரு ரூல் போட யாரு இருந்தாங்க?" அவ்வளவுதான், மொத்தமும் வெளியே வந்தது. மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாலு பவுனுக்கா இத்தனை வருஷம்?" என்றார். அத்தை எழுந்து போய்விட்டார்.

மாமா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாடி வாடகையை அத்தை கையில் கொடுக்கிறார், செலவுக்கு வேண்டுமென்றால் கேட்டு வாங்குகிறார். அத்தை சில மாதம் கொடுப்பார், சில மாதம் இல்லை என்பார். காபி இன்னும் ஸ்டூலில்தான்.

இதை எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். "தாராளமா எழுது. ஆனா அந்த மனுஷன் சொல்ற கணக்கைப் போட்றாதே. ஆறு பவுன். தோடு தனி."