கோர்லியா மரப்பாதை ரோமானியர் போட்டதல்ல

அயர்லாந்தின் லாங்ஃபோர்டு சதுப்பில் கிடைத்த கோர்லியா மரப்பாதையை "ரோமானியப் படை போட்ட சாலை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அதன் ஓக் மரங்கள் வெட்டப்பட்டது கி.மு. 148 வாக்கில். மரத்தின் வளையங்களை எண்ணிக் கண்ட காலம் இது. ரோமானியர் பக்கத்துத் தீவான பிரிட்டனைப் பிடிக்க இறங்கியதே கி.பி. 43-இல்தான், அயர்லாந்தை அவர்கள் ஒருபோதும் ஆண்டதில்லை. உள்ளூர் மக்களின் உழைப்பு அது. நீளவாக்கில் பிர்ச் கழிகள், அவற்றின்மேல் குறுக்கே கனத்த ஓக் பலகைகள், பலகை நகராமலிருக்க முனைத் துளைகளில் அடித்த முளைகள். அந்தக் கனமே வினையாகிவிட்டது. பத்தாண்டு போலத்தான் தாங்கியது, அப்புறம் சேற்றில் அமிழ்ந்தது. காற்றுப் புகாத அந்தச் சேறுதான் அதை மக்கவிடாமல் காத்தது. தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்; கட்டியவர்களின் பெருமை அவர்களுக்கே சேரட்டும்.