தங்கவயலுக்கு ரயிலில் போங்கள்

என்னோடு வேலை செய்யும் இரண்டு பையன்கள் போன மாதம் லீவு போட்டுவிட்டு பைக்கில், தங்கச் சுரங்கம் மூடிப்போன கர்நாடகத்துக் கோலார் தங்கவயலுக்குப் போய்வந்தார்கள். மறுநாள் கேன்டீனில் படம் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு மேடு, மேட்டின் மேல் கூலிங் கிளாஸோடு ஒருத்தன், பின்னால் துருப்பிடித்த இரும்புக் கோபுரம். "செம இடம்ணா, பேய் ஊரு மாதிரி இருக்கு. ஈ காக்கா இல்ல" என்றான்.

எந்தக் கிழமை போனீங்க என்று கேட்டேன். புதன்கிழமை, பகல் பதினொரு மணி.

தம்பி, புதன்கிழமை பதினொரு மணிக்கு அந்த ஊர் அங்கே இருக்காது. பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கும். தினமும் நம் ஆபீஸ் வாசலில் உன் பையைத் திறந்து பார்க்கிறாரே, அந்த செக்யூரிட்டி அண்ணன் தங்கவயல்காரர்தான். அவருடைய அப்பா ஷிப்டு முடிந்து மேலே வந்தால், தங்கத் துணுக்கு ஏதாவது ஒளித்திருக்கிறாரா என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பார்களாம். இப்போது மகன் நம் பையைத் தடவிப் பார்க்கிறார். இதை அவரே சொல்லிச் சிரித்தார், நான் சொல்லவில்லை.

எனக்கு இந்த ஊர் மேல் ஒரு ஒட்டுதல் உண்டு. நாங்கள் வாணியம்பாடிப் பக்கம். என் தாத்தாவின் அண்ணன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு 'மைன்ஸு'க்கு ஓடிப்போனவர். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒருத்தர் இப்படி ஓடியிருப்பார்கள். பஞ்சம், கூலி கிடைக்காதது, பண்ணைக்காரன் தொல்லை, காரணத்துக்கா குறைச்சல்? வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களில் பெரும்பகுதி சேரி ஜனம். சொந்த ஊரில் செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க முடியாதவர்கள், அங்கே பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்து, மேலே வந்து சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். பெரிய தாத்தா ஊருக்கு வரும்போதெல்லாம் கைக்கடிகாரத்தை வேண்டுமென்றே சட்டைக் கைக்கு மேலே கட்டிக்கொண்டு வருவாராம். பாட்டி சொல்லும்.

சரி, ஊருக்கு வருகிறேன். போகிறவர்கள் தயவுசெய்து பங்காருப்பேட்டையில் இறங்கி அந்தக் கிளைப் பாதை ரயிலைப் பிடியுங்கள். கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஸ்டேஷன் பெயர்கள் வரும். முக்கால்வாசி அங்கிருந்த சுரங்கக் கம்பெனிகளின் பெயர்கள்தான். ஒரு ஊர் என்று நாம் சொல்வது உண்மையில் சுரங்கத்துக்கு ஒன்றாக முளைத்த நாலைந்து ஊர். நடுவில் கடைத்தெருவுக்கென்று ராபர்ட்சன்பேட்டை, தள்ளி ஆண்டர்சன்பேட்டை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் யாரோ உருட்டி விளையாடிவிட்டுப் போட்டதுபோல் பாறைக் குன்றுகள், கேழ்வரகுக் காடு, மாந்தோப்பு, ஏரிக்கரையில் பனை. மழை விட்ட கார்த்திகையில் பார்த்தால் ஊட்டிக்கு எதற்குப் போகிறோம் என்று இருக்கும். அந்தப் பச்சைக்கு நடுவில் திடீரென்று ஒரு சாம்பல் மலை எழும்பும்.

அதுதான் சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய சக்கையைக் கொட்டிக் கொட்டி வந்த மலை. ஒன்றல்ல, பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கர் அளவுக்கு. மூன்று கோடி டன்னுக்கும் மேல். சினிமாக்காரர்கள் செட் போட்டதும் நம் பையன் கூலிங் கிளாஸ் போட்டதும் இதன் மேல்தான்.

கிட்டே போய்ப் பாருங்கள். கையில் எடுத்தால் முகப் பவுடர் மாதிரி வழியும். மழைத் தண்ணீர் ஓடி ஓடி மேட்டின் பக்கங்களில் ஆள் ஒளிகிற ஆழத்துக்கு ஓடை விழுந்திருக்கிறது. செடி கொடி பெரிதாக ஒன்றும் பிடிக்கவில்லை. நான் தங்கிய வீட்டு அக்கா, காற்றுக் காலத்தில் கதவிடுக்கில் ஈரத்துணி செருகி வைப்பார். அப்படியும் சோற்றுப் பானை மூடியில் விரலால் பெயர் எழுதலாம். "இந்த மண்ணத் தின்னே வளந்தோம் தம்பி, இப்ப இதுல தங்கம் இருக்குன்றாங்க" என்றார்.

இருக்கிறதுதான். அந்தக் காலத்து முறையில் பிரிக்க முடியாமல் விட்ட மிச்சம். 2024 ஜூனில் அந்தப் பதின்மூன்று மேடுகளையும் கிளற கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. அதற்கு வருகிறேன்.

வரலாறு பலருக்குத் தெரியும், ஓடிவிடுகிறேன். 1802-ல் வாரன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தப் பக்கம் எல்லை அளக்க வந்தபோது ஊர்க்காரர்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870களில் லவேல் என்ற பழைய சிப்பாய் லைசென்ஸ் வாங்கித் தோண்டினார். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும்தான் உண்மையான வேட்டை. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அதற்கு அப்புறம்தான் லைட். குடிக்க, குளிக்க, பாறை அரைக்கிற மில்லுக்கு எல்லாவற்றுக்கும் தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து. அது எந்த ஆறு தெரியுமா? பாலாறு. எங்கள் ஊருக்கு மணலாக மட்டும் வரும் அதே பாலாறு. பெரிய தாத்தா அதைத்தான் சொல்வாராம்: "தண்ணி அங்க இருக்குது, நான் மட்டும் இங்க இருந்து என்ன பண்றது?"

வெள்ளைக்காரனுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். குட்டி இங்கிலாந்து என்று பெயர். நம் ஆட்களுக்கு லைன் வீடு. ஒரு அறை, தாழ்ந்த கூரை, வரிசையாக ஒன்றோடொன்று ஒட்டியது. இன்றும் அந்த பங்களாக்களைப் படமெடுத்து "அந்தக் கால அழகு" என்று போடுகிறவர்கள் லைன் வீட்டைப் படமெடுப்பதில்லை. எடுத்தாலும் "வறுமை" என்று தலைப்பு வைக்கிறார்கள். அந்த ஒற்றை அறைகளில் நடந்தது என்ன என்று கேட்பதில்லை.

நான் சொல்கிறேன். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை, அவர் மறைவுக்குப் பின் நின்றுபோய், 1920களில் மறுபடி உயிர்பெற்றது இந்த ஊரில். ஜி. அப்பாதுரையார் நடத்தினார். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. அயோத்திதாசரின் எழுத்துகள் அழியாமல் நம் கைக்கு வந்ததில் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரிய பங்குண்டு. பதிவுக்காகக் கைரேகை எடுக்க வந்தபோது, நாங்கள் என்ன திருடர்களா என்று 1930-ல் வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். கம்யூனிஸ்டு, இந்தியக் குடியரசுக் கட்சி, ஏன், அதிமுகவிலிருந்துகூட ஒருவரைக் கர்நாடக சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி இது. எண்ணூறு டன் தங்கம் எடுத்தார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

அந்த எண்ணூறு டன் எப்படி வந்தது என்பதும் சாதாரணமில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். செக்யூரிட்டி அண்ணனின் அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசுகிறார். ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறினால் கொஞ்ச நேரத்துக்குக் காது அடைத்துக்கொள்ளுமாம். கோவணமும் தலையில் லைட்டும்தான் கீழே வேலை செய்கிற உடுப்பு. அவர் பயந்தது வெப்பத்துக்கல்ல, 'ஏர் பிளாஸ்ட்'டுக்கு. இத்தனை ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. மேலே வீட்டில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். ஆடியதும் தெருப் பெண்கள் எல்லாரும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்களாம். "எங்கம்மா ஓடும், நானும் பின்னாடியே ஓடுவேன்" என்றார் அண்ணன். அப்பாவின் தலை கேஜில் தெரிகிற வரைக்கும் நிற்பார்கள்.

இதே ஆழத்தில்தான் விஞ்ஞானிகளும் இறங்கினார்கள். 1965-ல், வானத்துக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடத்தை உலகில் முதன்முதலில் பிடித்த இரண்டு இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம். மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். தேனி நியூட்ரினோ ஆய்வகம் பற்றி நாம் போட்ட சண்டையில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது?

அப்புறம் என்ன, 2001-ல் பிப்ரவரி கடைசியோடு மூடினார்கள். நஷ்டம் என்றார்கள். நஷ்டம் பொய்யில்லை, ஆழம் போகப் போகச் செலவு ஏறும், ஒரு டன் பாறைக்குக் கிடைக்கும் தங்கம் இறங்கும். ஆனால் தோண்டிய தங்கத்தைப் பல வருஷம் வெளிச்சந்தை விலைக்கு விற்காமல், அதைவிட மலிவான சர்வதேச விலைக்கு அரசாங்கத்திடமே கொடுத்துவிட்டு, பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து நஷ்டம் என்பது எந்த ஊர் நியாயம்? இதே கர்நாடகத்தில் ஹட்டி தங்கச் சுரங்கம் இன்றும் ஓடுகிறது. மூடியதும் பம்பு நின்றது, தண்ணீர் ஏறி ஷாஃப்ட் எல்லாம் நிரம்பிவிட்டது. இனி கீழே இறங்குவது என்பது பேச்சுக்குத்தான்.

அதனால்தான் இப்போது எல்லார் கண்ணும் மேட்டின் மேல் விழுந்திருக்கிறது. கிளறக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் புழுதி ஊரை விட்டுப் போனால் நல்லதுதான். ஆனால் இது பொக்லைன் ஓட்டுகிற வேலை, ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் செய்த வேலை அல்ல. எத்தனை பேருக்குச் சோறு போடும்? மூன்று கோடி டன் பவுடரைக் கிளறும்போது அக்கா கதவிடுக்கில் எத்தனை துணி செருகுவார்? வேலையும் போய், இருக்கிற லைன் வீட்டுக்குப் பத்திரம் என்ன ஆகும், நிலுவை என்ன ஆகும் என்று இருபது வருஷத்துக்கு மேல் அலைகிறவர்களுக்கு முதலில் அதை முடித்துக் கொடுங்கள். நுரையீரலைப் பரிசோதிக்க வாசலுக்கு டாக்டரை அனுப்புங்கள். அதற்கு அப்புறம் மேட்டை ஏலம் போடலாம். வரிசையை மாற்றினால் நான் எதிர்ப்பேன், என் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள் என்பது வேறு.

சுற்றுலா வளரட்டும் என்கிறவர்களுக்கும் ஒன்று. தாராளமாக வாருங்கள். பக்கத்தில் கோடிலிங்கேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள் இங்கே ஒரு டீ குடிக்கக்கூட நிற்பதில்லை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் சாப்பிடுங்கள், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கேளுங்கள், திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் பேச்சுக் கொடுங்கள். லைன் வீட்டு வாசலில் நின்று உள்ளே கேமராவை நீட்டாதீர்கள். அவ்வளவுதான்.

நான் போனது ஒரு சனிக்கிழமை ராத்திரி, அண்ணனோடு. ஞாயிறு முழுக்க ஊர் சுற்றினேன். சர்ச்சில் கூட்டம், மைதானத்தில் ஃபுட்பால், கறிக்கடையில் வரிசை. திங்கட்கிழமை விடியும் முன்பே அண்ணன் எழுப்பிவிட்டார். இருட்டில் தெருவெல்லாம் ஒவ்வொரு வீடாக லைட் எரிந்தது. குக்கர் சத்தம், டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் ஒரே பக்கமாக நடந்தார்கள். செக்யூரிட்டிக்காரர்கள், துணிக்கடைப் பெண்கள், காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஆயாக்கள். பெங்களூருக்குப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு, தினமும். நாங்கள் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டி ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. அண்ணன் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து எனக்கு ஒரு சீட் பிடித்தார். "சீக்கிரம் உக்காருங்க சார், சாம்பியன் வந்தா நிக்கக்கூட இடம் இருக்காது."