"பேக்கப் இருக்கு" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

பதினெட்டு வருடமாக யூபிஎஸ் (கரண்ட் போனால் உடனே பேட்டரியிலிருந்து தாங்கும் பெட்டி), ஜெனரேட்டர் சர்வீஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது. இத்தனை வருடத்தில் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போன பேச்சு ஒன்று உண்டு: "அதெல்லாம் பேக்கப் இருக்கு சார்." நேற்றும் கேட்டேன். ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு முழு லோடையும் பத்து நிமிடம் பேட்டரியில் ஓட்டிப் பார்ப்போம் என்றேன். "பேஷன்ட் இருக்காங்க, அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார் மேலாளர். போன மாதமும் இதையேதான் சொன்னார். பேஷன்ட் இல்லாத நாளாகப் பார்த்தா கரண்ட் போகும்?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மணிலாதான் மனதில் ஓடியது. 2023 ஜனவரி 1, புத்தாண்டு காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிலிப்பைன்ஸின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் மின்சாரம் கோளாறானது, ரேடார் போச்சு, ரேடியோ போச்சு, இன்டர்நெட் போச்சு, ஒரு நாட்டின் மொத்த வானமும் மூடப்பட்டது. மாலை நாலு மணிக்குத்தான் அரைகுறையாகத் திறந்தார்கள். அதற்குள் 280-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதம், ரத்து, இல்லையென்றால் திசைதிருப்பல். சுமார் 56,000 பயணிகள் பாதிக்கப்பட்டார்கள், பலர் விமான நிலையத்திலேயே காத்துக் கிடந்தார்கள். டோக்கியோவிலிருந்து கிளம்பி மூன்று மணி நேரம் பறந்து வந்த ஒரு விமானம் வந்த வழியே திரும்பி டோக்கியோவுக்கே போனது. விடுமுறைக்கு ஊர் வந்து வெளிநாட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு வேலை போயிருக்கும் என்று யாராவது கணக்கெடுத்தார்களா?

அது ஒன்றும் ஓட்டை உடைசல் மையமும் இல்லை. 1,000 கோடி பெசோவுக்கு மேல் கொட்டி, ஜப்பானிடம் கடன் வாங்கிக் கட்டி, 2018-ல் அதிபர் வந்து திறந்து வைத்தது. ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கு அந்த நாட்டுப் போக்குவரத்துச் செயலர் பவுடிஸ்டா சொன்ன விளக்கத்தைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. யூபிஎஸ் தரம் குறைந்த நிலையில் இருந்ததாம். மின்வாரிய இணைப்போடு தானாகச் சேரவில்லையாம், கையால் இணைக்க வேண்டியிருந்ததாம். இணைத்தபோது 220 வோல்ட்டுக்குப் பதில் 380 வோல்ட் ஏறிக் கருவிகளையும் பாதித்ததாம். ஒவ்வொன்றாக நிறுத்திப் படியுங்கள். யூபிஎஸ் ஒரே ராத்திரியில் தரம் குறையாது ஐயா! மாதக்கணக்கில், வருடக்கணக்கில் குறையும், அலாரம் காட்டும், பேட்டரி அறை சூடாகும். அறை வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரம் சேர்ந்த பையனுக்கும் தெரியும். ஆக, அது நலிந்து கிடந்தது யாரோ ஒருவருக்காவது தெரிந்திருக்கும், அல்லது தெரிந்துகொள்ளும் அக்கறை ஒருவருக்கும் இருந்திருக்காது. இரண்டில் எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் அந்த 380. மூன்று ஃபேஸ் இணைப்பில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 220 என்றால், இரண்டு ஃபேஸுக்கு நடுவே வருவது ஏறக்குறைய 380. நான் அங்கே போய்ப் பார்த்தவன் இல்லை, இதுதான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்த வேலை செய்கிற எவனுக்கும் அந்த எண்ணைக் கேட்டவுடன் நியூட்ரல் எங்கே போச்சு, வயரை எங்கே கொடுத்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். பதற்றத்தில் கையால் இணைக்கும் நிலைமைக்கு ஒரு நாட்டின் வானத்தை விட்டுவைத்தது யார்? ஒரு ஜெட் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் "ஹலோ ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அது எங்கோ போயிருக்கும்.

மணிலா மட்டும் என்றால் விட்டுவிடலாம். 1991 செப்டம்பர் 17, நியூயார்க். ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் மன்ஹாட்டன் நிலையம் ஒன்றில் சொந்த ஜெனரேட்டருக்கு மாறும்போது, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றித் தரும் ரெக்டிஃபையர்கள் விழுந்துவிட்டன. சத்தமே இல்லாமல் பேட்டரியில் ஆறு மணி நேரம் ஓடியிருக்கிறது. அலாரம் ஒழுங்காக வேலை செய்யவில்லை, செய்த அலாரத்தைப் பார்க்கவும் ஆள் இல்லை, ஏனென்றால் பார்க்க வேண்டியவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார்கள், அதுவும் அலாரம் பற்றிய வகுப்பு! பேட்டரி தீர்ந்தது, விமானக் கட்டுப்பாட்டாளர்களின் குரல் போய்வரும் இணைப்பும் சேர்ந்து அறுந்தது, நகரத்தின் மூன்று பெரிய விமான நிலையங்களும் முடங்கின, பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 85,000 பேர். ஆறு மணி நேரம்! ஒரே ஒரு ஆள் டார்ச்சோடு ஒரு முறை அந்த அறைக்குள் நடந்து போயிருந்தால் போதும்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் பெல்ஜியத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ஆமாம், 2015 மே 27 அன்று அங்கே ஜெனரேட்டரைச் சோதிக்கப் போய்த்தான் மின்னழுத்தம் எகிறி வானத்தையே மூடினார்கள். "பார்த்தீங்களா, சோதனை பண்ணினதால வந்த வினை" என்று என்னிடம் நேராகவே சொன்னவர்கள் உண்டு. அந்தப் பழுது சோதனையிலா பிறந்தது? உள்ளே ஒளிந்திருந்தது, சோதனையில் வெளியே வந்தது. உண்மையான மின்தடை அன்றும் அதே இடத்தில்தான் வெடித்திருக்கும். சோதனையை விமானம் குறைவாக இருக்கும் நள்ளிரவில் செய்யுங்கள், மாற்று வழியைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுச் செய்யுங்கள் என்றால் நியாயம். செய்யவே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

இரண்டு யூபிஎஸ் வாங்கி வைத்தால் இரண்டு வழி ஆகிவிடாது. இரண்டும் போய் ஒரே பேனலில், ஒரே பிரேக்கரில் விழுந்தால் அது ஒரே வழிதான். பல இடங்களில் நான் திறந்து பார்த்தது இதைத்தான், பக்கத்தில் பக்கத்தில் பளபளவென்று இரண்டு பெட்டி, கீழே ஒற்றைக் கேபிள். பேட்டரியும் அப்படித்தான். சார்ஜரில் மாட்டியபடியே மீட்டர் வைத்தால் செத்த பேட்டரிகூட நல்ல பேட்டரி மாதிரி 13.5 வோல்ட் காட்டும். லோடு ஏற்றினால்தான் சாயம் வெளுக்கும், அதுவும் வரிசையில் ஒன்று போனால் மொத்த வரிசையும் போச்சு. ஆனால் ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பதிவேட்டைப் புரட்டுங்கள், மீட்டர் காட்டிய எண்ணை எழுதி "ஓகே" போட்டுக் கையெழுத்து, மாதா மாதம். அந்த ஓகேயை நம்பித்தான் மேலே விமானம் பறக்கிறது, கீழே வென்டிலேட்டர் ஓடுகிறது.

நேற்று அந்த மருத்துவமனைப் பதிவேட்டில் நான் ஓகே எழுதவில்லை. "லோடு சோதனை செய்ய அனுமதி தரப்படவில்லை, இரண்டாவது மாதம்" என்று தேதி, நேரத்தோடு எழுதினேன். மேலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது, எதற்கு இதெல்லாம் என்று பேனாவை நீட்டி மாற்றி எழுதச் சொன்னார். மாற்றவில்லை. அடுத்த மாதமும் வேண்டாம் என்றால் "மூன்றாவது மாதம்" என்று எழுதுவேன், ஒப்பந்தம் போனாலும் சரி.