குடல் அடைப்புக்கு விளக்கெண்ணெய் மருந்தல்ல

சேலம், ஏற்காடு பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பெரியவர்களுக்குக் குடல் அடைப்பு வருவது இறுகிய மலத்தால்தான். விளக்கெண்ணெய் குடித்தால் திறந்துகொள்ளும். ஸ்கேன், ஆபரேஷன் எல்லாம் பணம் பறிக்கும் வேலை.” இது தவறு. உயிருக்கே ஆபத்தான தவறு.

பெரியவர்களின் பெருங்குடல் அடைப்புக்கு முதன்மைக் காரணம் புற்றுநோய்க் கட்டி. சிறுகுடல் அடைப்புக்கு, பழைய அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் உள்ளே ஒட்டிக்கொள்வதும் குடலிறக்கமும் (ஹெர்னியா) அதிகக் காரணம். அங்கும் கட்டி இருக்கலாம். சிலருக்குக் குடலின் ஒரு பகுதி, மடக்கிய சட்டைக் கைபோல, அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளும். குழந்தைகளுக்கு இதைப் பெரும்பாலும் ஆசனவாய் வழியே காற்றோ திரவமோ செலுத்தியே சரிசெய்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அப்படியல்ல, செருகிய முனையில் பெரும்பாலும் ஒரு கட்டி இருக்கும். அதனால்தான் சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சையும்.

சாதாரண மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் நம் வீடுகளில் பழகிய மருந்துதான். ஆனால் அது குடலை வேகமாகச் சுருங்கவைக்கும். வழி அடைத்திருக்கும்போது அப்படி நெருக்கினால் குடல் கிழியவும் கூடும். மருந்துக்கடையில் விற்கும் மலமிளக்கி மாத்திரையின் உள்தாளைப் பிரித்துப் பாருங்கள்: குடல் அடைப்பு இருந்தால் எடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் எடுத்துச் சொல்லுங்கள்.

விட்டுவிட்டுப் பிசையும் வயிற்றுவலி, உப்புசம், வாந்தி, மலமும் காற்றும் பிரியாமை ஆகியவை சேர்ந்து வந்தால், எதையும் குடிக்கக் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சேலம் இறங்கவே நேரம் பிடிக்கும்.